'ஓல்டு ஹண்ட்ரட்' மெட்டு: 100-ஆம் சங்கீதமா, 134-ஆம் சங்கீதமா?

டெனர் வாத்தியார்

எங்கள் ஆலயத்தில் காணிக்கைத் தட்டுகள் பலிபீடத்துக்கு வரும்போது சபையார் எழுந்து நின்று ஒரு துதிப்பாட்டுப் பாடுவோம். நாலே வரி. நாற்பது வருடமாக, ஆண்களின் மேல்குரலான டெனர் வரிசையில் நிற்கிறவன் நான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பாடுவேன். போன சனிக்கிழமை பாடகர் குழுவின் அலமாரியைச் சுத்தம் செய்தபோது, கரையான் விட்டுவைத்த பழைய சுரப் புத்தகம் ஒன்று அகப்பட்டது. இந்த மெட்டுக்கு மேலே 'ஓல்டு ஹண்ட்ரட்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். அதாவது வேதாகமத்தின் துதிப்பாடல் தொகுப்பான சங்கீதப் புத்தகத்தில் வரும் நூறாம் சங்கீதம், பழையது. ஆனால் வலது ஓரத்தில் பொடி எழுத்தில் '134-ஆம் சங்கீதம், ஜெனீவா, 1551' என்றும் இருக்கிறது.

நூறா, நூற்று முப்பத்து நான்கா? இது பழையது என்றால் புதியது எங்கே? எங்கள் ஆர்கன் வாசிக்கும் தம்பியிடம் கேட்டேன். "சார், நான் சுரத்தைத்தான் பார்ப்பேன், தலைப்பைப் பார்ப்பதில்லை" என்று சொல்லிவிட்டான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சுரத்தட்டு

அந்தத் தம்பி நான் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் சார்.

இரண்டு எண்ணும் சரிதான். 1551-இல் ஜெனீவாவில் அச்சான பிரெஞ்சு சங்கீதப் புத்தகத்தில் இந்த மெட்டு 134-ஆம் சங்கீதத்துக்கு வந்தது. மெட்டமைத்தவராகப் பொதுவாகச் சொல்லப்படுபவர் லூயி பூர்ஜுவா. அடுத்த சில வருடங்களில் இங்கிலாந்தில் மேரி ராணி புரட்டஸ்தாந்துச் சீர்திருத்தக்காரர்களைத் துரத்தினார். தப்பி ஓடியவர்களில் ஒரு கூட்டம் ஜெனீவாவில் தங்கியது. அங்கே காதில் விழுந்த மெட்டுகளுக்குத் தங்கள் மொழியில் சங்கீதங்களைச் செய்யுளாக்கினார்கள். அவர்களில் ஒருவரான வில்லியம் கெத் 100-ஆம் சங்கீதத்தை எட்டெட்டு அசையாக நாலு வரிச் செய்யுளாக எழுதினார். அது 1561-இல் அச்சானது. பிரெஞ்சு 134-உம் எட்டசை வரிகள்தான். அளவு பொருந்தியது, மெட்டு இடம் மாறியது.

'பழைய' என்பது பிற்பாடு ஒட்டிய பெயர். ஆங்கிலேயர்களின் முழுச் சங்கீதச் செய்யுள் புத்தகம் 1562-இல் வந்தது. 1696-இல் டேட், பிரேடி என்ற இருவர் புதுச் செய்யுளாக்கம் கொண்டுவந்தார்கள். புதியது வந்தவுடன் முன்பிருந்தது 'பழையது' ஆகிவிட்டது. நீங்கள் காணிக்கை நேரத்தில் பாடுவது இரண்டு சங்கீதமும் அல்ல. தாமஸ் கென் என்ற ஆங்கிலப் பேராயர் எழுதிய துதியின் தமிழாக்கமாக இருக்கும். ஆக, மெட்டு மூன்று வீடு மாறியிருக்கிறது.

லெமான் கரை

அந்த லூயி பூர்ஜுவா இந்த மெட்டுப் புத்தகத்துக்காகச் சிறைக்குப் போனவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் யாழ்ப்பாணத்தான்; இருபத்தைந்து வருடமாக லெமான் ஏரிக்கரையில் இருக்கிறேன். ஜெனீவாவுக்கு ரயிலில் போய்வருகிற தூரம்தான்.

1551 டிசம்பர் 3-ஆம் தேதி ஜெனீவா நகர மன்றம் அவரை உள்ளே தள்ளியது. குற்றம்: முன்பே அச்சாகிப் புழக்கத்தில் இருந்த சங்கீத மெட்டுகளை அனுமதி பெறாமல் மாற்றினார். ஜெனீவாவின் சீர்திருத்தத் தலைவர் கால்வின் பரிந்து பேசியதால் மறுநாள் விட்டுவிட்டார்கள். சம்பளமும் அதற்கு முன்பே குறைக்கப்பட்டிருந்தது. மனிதர் வெறுத்துப்போய் 1552-இல் ஊரைவிட்டே கிளம்பிவிட்டார்.

கேள்விக்குறி

மெட்டை மாற்றியதற்குச் சிறையா? இந்தக் கணக்கில் எங்கள் ஆலயத்துப் பாடகர் குழு முழுவதும் ஆயுள் தண்டனையில் இருக்க வேண்டும்.

லெமான் கரை

தம்பி, சிரிக்க வேண்டாம். சிறையில் போட்டது நியாயம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சனங்கள் ஏன் கோபப்பட்டார்கள் என்று பாருங்கள்.

ஜெனீவாவில் சீர்திருத்தத்துக்கு முன்பு ஆலயத்தில் பாடியவர்கள் குருமாரும் பயிற்சி பெற்ற பாடகர்களும், அதுவும் லத்தீனில். சனங்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். 1537-இலேயே கால்வினும் கூட்டாளிகளும் நகர மன்றத்துக்கு ஒரு யோசனை கொடுத்தார்கள்: முதலில் பிள்ளைகளுக்குப் பாடக் கற்றுக்கொடுப்போம், அவர்கள் ஆலயத்தில் உரக்கப் பாடட்டும், பெரியவர்கள் கவனமாகக் கேட்டுக் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தாங்களும் சேர்ந்துகொள்வார்கள். அடுத்த வருடமே கால்வினை ஊரைவிட்டு அனுப்பிவிட்டார்கள் என்பது வேறு கதை. ஸ்ட்ராஸ்பர்க்கில் மூன்று வருடம் இருந்தார். அங்கே ஜெர்மன் சபையார் வாய்திறந்து பாடுவதைக் கண்டு, 1539-இல் பிரெஞ்சில் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். அதில் சில சங்கீதங்கள் கிளெமான் மாரோ எழுதியவை, சில கால்வினே முயன்று பார்த்தவை. மாரோ பிரெஞ்சு அரசவைக் கவிஞர். கால்வினுக்குக் கவிதை வரவில்லை என்பது கால்வினுக்கே தெரிந்திருந்தது. பிற்பாடு தன் செய்யுள்களை எடுத்துவிட்டு மாரோவுடையதைப் போட்டார். அந்தப் பெருந்தன்மைக்காகவே எனக்கு அவரைக் கொஞ்சம் பிடிக்கும்.

திரும்பி வந்த பிறகு அந்தப் பழைய யோசனை நடந்தது. பள்ளிப் பிள்ளைகள் தினமும் சங்கீதம் பயின்றார்கள். இன்ன நாளில் இன்ன சங்கீதம் என்று அட்டவணை போட்டார்கள். 1562-இல் புத்தகம் முழுமையானபோது 150 சங்கீதங்களையும் 25 வாரத்தில் ஒரு சுற்றுப் பாடி முடிக்கும்படி அட்டவணை இருந்தது. வருடத்துக்கு இரண்டு சுற்று. சுரக்குறி படிக்கத் தெரியாத செருப்புத் தைப்பவரும் மீன் விற்கும் அம்மாவும், பிள்ளைகள் வாயிலிருந்து பல வருடம் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்த மெட்டு அது. அதைப் பூர்ஜுவா ஒரே பதிப்பில் திருத்தினார். ஞாயிற்றுக்கிழமை பாதிப் பேர் பழையபடி போக, மீதிப் பேர் புதியபடி போக, எப்படி இருந்திருக்கும்?

இரண்டாம் வரிசை ஆல்ட்டோ

எல்லாம் சரி ஐயா. ஆனால் இதே கால்வின்தான் ஆலயத்தில் ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று குரல் பிரிவு எதுவும் வேண்டாம், எல்லோரும் ஒரே குரலில் மெட்டை மட்டும் பாடுங்கள் என்றவர். ஆர்கனும் கூடாது. சங்கீதப் புத்தகத்தின் கடைசிச் சங்கீதமே எக்காளம், வீணை, சுரமண்டலம், கைத்தாளம் என்று வாத்தியப் பட்டியல்தானே! அதைச் செய்யுளாக்கி, வாத்தியம் இல்லாமல் பாடச் சொன்னால் என்ன அர்த்தம்? தலைப்பிலேயே 'இராகத் தலைவனுக்கு ஒப்புவிக்கப்பட்ட' என்று எத்தனை சங்கீதங்களில் வருகிறது! தாவீது காலத்திலேயே பயிற்சி பெற்ற பாடகர் குழு இருந்ததற்கு அதுவே சாட்சி.

எனக்கு இது சொந்த வருத்தம். எங்கள் சபையிலும் அவ்வப்போது யாராவது எழுந்து, "பாடகர் குழு கச்சேரி நடத்துகிறது, சபையாருக்குப் பாட இடமில்லை" என்பார்கள். நான்கு குரல் இசையை உண்டாக்க ஒரு வருடம் சனிக்கிழமை மாலைகளைக் கொடுத்துப் பார்க்கட்டும், பிறகு பேசட்டும்.

சுரத்தட்டு

அக்கா, உங்கள் கட்சிதான் நானும், வயிற்றுப்பாடே ஆர்கன்தான். ஆனாலும் கால்வின் சொன்ன காரணத்தை ஒரு முறை கேளுங்கள். 1543-இல் எழுதிய முன்னுரையில் இசையைப் புனலுக்கு ஒப்பிடுகிறார். புனல் வைத்து ஊற்றினால் திராட்சரசம் எப்படிச் சிந்தாமல் பீப்பாயின் அடிவரை இறங்குமோ, அப்படி மெட்டோடு வரும் சொல் நெஞ்சின் ஆழத்துக்கு இறங்கும். நல்லதும் இறங்கும், நஞ்சும் இறங்கும் என்கிறார். இசையில் மயங்கத் தெரியாதவருக்கு இசையைக் கண்டு பயம் வராது. பழைய ஏற்பாட்டு வாத்தியங்களைப் பற்றி அவர் கருத்து, அவை மோசேயின் நியாயப்பிரமாண காலத்துக்கு உரியவை, நிழல்கள். பொருளான கிறிஸ்து வந்த பிறகு நிழல் தேவையில்லை என்பது. எனக்கும் ஒப்புதல் இல்லை. ஆனால் அவர் 150-ஆம் சங்கீதத்தைப் படிக்காமல் விட்டுவிடவில்லை.

அவராவது பாடவிட்டார். சூரிச்சில் சுவிங்கிலி பாட்டையே நிறுத்திவிட்டார். இத்தனைக்கும் அந்தக் காலத்துச் சீர்திருத்தக்காரர்களில் பல வாத்தியங்கள் வாசிக்கத் தெரிந்தவர் அவர்தான். 1527-இல் பெரிய ஆலயத்தின் ஆர்கனைப் பிரித்துப்போட்டார்கள். சூரிச் சபையார் மறுபடியும் ஆலயத்தில் பாடியது 1598-இல்.

கேள்விக்குறி

அப்படியென்றால் சபையாரைப் பாடவைத்தது ஜெர்மன் சீர்திருத்தக்காரர் லூத்தர்தான். அதற்கு முன்பு கிறிஸ்தவ மக்கள் ஆலயத்தில் பாடியதே இல்லை. சரிதானே?

பழைய கோயில்

தவறு தம்பி. நான் கத்தோலிக்கன், எங்கள் பங்கில் திருப்பாடலுக்கு (நீங்கள் சங்கீதம் என்பது) பல்லவி எடுத்துக்கொடுப்பவன். லூத்தர் மேல் எனக்குக் கோபம் இல்லை, 46-ஆம் திருப்பாடலை வைத்து அவர் செய்த பாட்டை நாங்களும் பாடுகிறோம். ஆனால் வரலாற்றை ஆயிரம் வருடம் முன்னால் நகர்த்திவிட வேண்டும்.

386-இல் மிலான் நகரில் அரசன் தாய் யுஸ்தினா, பேராயர் அம்புரோசிடமிருந்து ஆலயத்தைப் பறிக்கப் பார்த்தாள். மக்கள் ஆலயத்துக்குள்ளேயே தங்கிக் காவல் இருந்தார்கள். சோர்ந்துபோகாமல் இருக்க, கிழக்கு நாட்டுத் திருச்சபைகளின் வழக்கப்படி திருப்பாடல்களையும் பாட்டுகளையும் மக்களைப் பாடவைத்தார் அம்புரோஸ். இதை எழுதிவைத்தவர் புனித அகுஸ்தினார். அப்போது அவர் மிலானில் இருந்தார். அதே அகுஸ்தினார் பிற்பாடு இசையின் இனிமையில் பொருளைத் தவறவிடுகிறேனே என்று வருந்துகிறார். அலெக்சாந்திரியாவின் அத்தனாசியார் திருப்பாடலை ஏறக்குறைய பேச்சுப் போலவே, ஏற்ற இறக்கம் மிகக் குறைவாகப் பாடச் சொன்னதை நினைத்துக்கொள்கிறார். கால்வினின் புனல் அங்கேயே இருக்கிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. அதே நான்காம் நூற்றாண்டில் லவோதிக்கேயாவில் கூடிய சங்கத்தின் 15-ஆம் விதி: மேடையேறி ஏட்டைப் பார்த்துப் பாட நியமிக்கப்பட்ட பாடகர்கள் தவிர மற்றவர்கள் ஆலயத்தில் பாடக்கூடாது. ஆல்ட்டோ அம்மாவுக்கு இந்த விதி பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் வரிசை ஆல்ட்டோ

பிடிக்காது. அன்றைக்கு நியமிக்கப்பட்ட பாடகர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். நானும் வெளியேதான் நின்றிருப்பேன்.

பழைய கோயில்

ஒப்புக்கொள்கிறேன் அம்மா.

இன்னொன்று. 1562 என்று இந்த இழையில் இரண்டு முறை வந்துவிட்டது. ஜெனீவா புத்தகமும் லண்டன் புத்தகமும் முழுமையான வருடம். எங்கள் பக்கத்தில் ஆயர்கள் கூடிய திரிதெந்து பொதுச்சங்கம் ஆலய இசையைப் பற்றிப் பேசியதும் அதே 1562 செப்டம்பரில்தான். சிற்றின்பச் சாயலும் தூய்மைக் கேடும் உள்ள இசையை ஆலயத்தில் விடாதீர்கள் என்று முடிவெடுத்தார்கள். பல குரல் இசையைத் தடை செய்யப் போனார்கள், இசையமைப்பாளர் பாலஸ்திரீனா ஒரு திருப்பலி இசையை எழுதிக் காட்டிக் காப்பாற்றினார் என்று ஒரு கதை எங்கள் பாடகர் குழுக்களில் உலவும். அழகான கதை. பிற்காலத்தில் ஊதிப் பெருக்கியது. அதை நம்பிக் கண்ணீர் விட்டவர்களில் நானும் ஒருவன்.

கேள்விக்குறி

வத்திக்கானில் ரகசியமாக வைத்திருந்த சங்கீத இசையை மொசார்ட் கேட்ட மாத்திரத்தில் எழுதிவிட்டாராமே? அதில் சோப்ரானோ என்ற மேல்குரல் உச்சிக்குப் போகும் இடம் கேட்டால் மயிர்க்கூச்செறியும்.

சுரத்தட்டு

அது இசையமைப்பாளர் அல்லேக்ரி அமைத்த 51-ஆம் சங்கீதம். லத்தீன் கணக்கில் 50. மொசார்ட்டுக்கு அப்போது 14 வயது, 1770-ஆம் வருடப் புனித வாரம். எழுதியது உண்மை. ஆனால் மறுவருடமே லண்டனில் பர்னி என்பவர் அதை அச்சிட்டுவிட்டார், ரகசியம் அவ்வளவுதான். நீ சொல்லும் அந்த உச்சி சுரம் அல்லேக்ரி எழுதியதே இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் ஓர் இசை அகராதியில் ஒரு துண்டு நான்கு சுரம் மேலேற்றி அச்சாகி, அது அப்படியே நிலைத்துவிட்டது. தவறு என்று தெரிந்தும் யாரும் திருத்தவில்லை, ஏனென்றால் தவறு அவ்வளவு அழகு. இதற்குத் தனி இழை தொடங்கு, இங்கே வேண்டாம்.

ஆல்ட்டோ அக்காவுக்கு ஒரு நல்ல செய்தி பாக்கி இருக்கிறது. கால்வின் தடுத்தது ஆலயத்துக்குள் மட்டும். வீட்டில் நான்கு குரலில் பாடலாம். குளோத் கூடிமெல் என்ற இசையமைப்பாளர் 150 சங்கீதங்களுக்கும் நான்கு குரல் அமைத்து 1564-இலும் 1565-இலும் வெளியிட்டார். 1565 முன்னுரையில், இது ஆலயத்தில் பாடுவதற்கு அல்ல, முக்கியமாக வீடுகளில் கடவுளில் மகிழ்ந்திருக்கத்தான் என்று தெளிவாகவே சொல்லிவிட்டார். சுரத்துக்குச் சுரம் எதிர்நிற்கும் எளிய அமைப்பு. பெரும்பாலான சங்கீதங்களில் மூல மெட்டு சோப்ரானோவில் இல்லை, டெனரில் இருக்கிறது.

டெனர் வாத்தியார்

கடைசி வாக்கியத்தைச் சட்டம் போட்டு மாட்டப்போகிறேன்.

இரண்டாம் வரிசை ஆல்ட்டோ

மாட்டுங்கள் அண்ணாச்சி. கூடவே ஸ்வேலிங்க் பெயரையும் எழுதிவையுங்கள். ஆம்ஸ்டர்டாமின் பழைய ஆலயத்தில் ஆர்கன் வாசித்தவர். ஆராதனை நேரத்தில் ஆர்கன் கூடாது என்பது அங்கேயும் சட்டம். ஆனால் ஆர்கன் நகராட்சியின் சொத்து, சம்பளமும் நகராட்சி. ஆராதனைக்கு முன்னும் பின்னும் வாசித்தார். 150 ஜெனீவா சங்கீதங்களையும் பல குரல் இசையாக்கினார். நான்கு முதல் எட்டுக் குரல் வரை. 1604-இல் முதல் தொகுதி, 1621-இல் கடைசித் தொகுதி. அந்த வருடம்தான் இறந்தார். எங்கள் குழு ஒரு முறை அவற்றில் ஒன்றை எடுத்தது. மூன்று மாதப் பயிற்சி. மேடையில் இரண்டாம் பக்கத்தில் நான் ஒரு வரி முன்னால் போய்விட்டேன். யாருக்கும் தெரியவில்லை என்று இன்றுவரை நம்புகிறேன்.

லெமான் கரை

கூடிமெல் எப்படி இறந்தார் என்று யாரும் சொல்லவில்லை. 1572 ஆகஸ்டில் பாரிசில் தொடங்கிய, புரட்டஸ்தாந்தினரைக் கொன்ற பர்த்தொலொமேயு நாள் படுகொலை லியோன் நகருக்கும் பரவியது. அங்கே கொல்லப்பட்டவர்களில் அவரும் ஒருவர். வீட்டில் பாட இசையமைத்த மனிதர்.

பிரான்சில் அப்போது சங்கீதம் பாடுவதே ஒருவனைக் காட்டிக்கொடுத்துவிடும். 1587 அக்டோபரில் கூத்ரா என்ற இடத்தில் போர் தொடங்குமுன் புரட்டஸ்தாந்து வீரர்கள் மண்டியிட்டு 118-ஆம் சங்கீதத்தைப் பாடினார்கள். எதிரணி இளைஞர்கள், பயந்து பாவமன்னிப்புக் கேட்கிறார்கள் என்று கேலி செய்தார்களாம். அவர்களோடு முன்பே மோதிய ஒரு வீரர், இவர்கள் இப்படிச் செய்தால் சண்டைக்குத் தயார் என்று அர்த்தம் என்று எச்சரித்தாராம். அன்று தோற்றது கேலி செய்த பக்கம். 68-ஆம் சங்கீதத்துக்கோ 'போர்ச் சங்கீதம்' என்றே பெயர் வந்துவிட்டது.

கேள்விக்குறி

பாடிவிட்டு ஆளைக் கொல்வதற்கா இத்தனை மனப்பாடம்?

லெமான் கரை

போர் நடந்த மண்ணில் பிறந்தவன் நான் தம்பி. அதற்குப் பதில் என்னிடம் இல்லை.

டெனர் வாத்தியார்

சுரத்தட்டு தம்பிக்கு ஒரு கேள்வி. அந்தப் பழைய புத்தகத்தில் முதல் வரியின் சுரங்கள் எல்லாம் ஒரே நீளமாக இல்லை. அச்சுப் பிழையா?

சுரத்தட்டு

பிழை இல்லை, அதுதான் மூலம்! ஜெனீவா மெட்டுகளில் பெரும்பாலும் இரண்டே அளவு: நெடிலும் குறிலும். இந்த மெட்டின் முதல் வரி: முதல் சுரம் நெடில், அடுத்த நான்கும் குறில், கடைசி மூன்றும் நெடில். பாடிப் பாருங்கள், மெட்டு நடக்கும், தவழாது. மாரோவும், அவர் விட்டதைச் செய்யுளாக்கி முடித்த பேசாவும் நூற்றுக்கு மேற்பட்ட செய்யுள் வடிவங்களில் எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி நடை. பிற்காலத்தில் பெரிய கூட்டம், வழிநடத்த ஆள் இல்லை, ஒருவர் மற்றவருக்காகக் காத்திருந்து காத்திருந்து எல்லாச் சுரமும் ஒரே நீளமாக இழுபட்டுவிட்டது. இன்று நாம் பாடுவது அந்த இழுபட்ட வடிவம்.

இழுபட்டதே பிறகு புனிதமாகிவிட்டது. நெதர்லாந்தில் 1773-இல் புதுச் செய்யுளாக்கம் வந்தது. கூடவே கொஞ்சம் வேகமாகப் பாடும் முறையும் நுழைந்தது. மாஸ்லூயிஸ் என்ற மீன்பிடி ஊரில் 1775-76-இல் கலகமே வெடித்தது.

ஸ்காட்லாந்தில் வேறு மாதிரி. படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒருவர் ஒவ்வொரு வரியாக எடுத்துச் சொல்ல, சபையார் திருப்பிப் பாட வேண்டும் என்று 1640-களில் ஏற்பாடு. லூயிஸ் தீவில் கேலிக் மொழியில் இன்னும் அப்படிப் பாடுகிறார்கள். ஆர்கன் கிடையாது, நான்கு குரலும் கிடையாது. ஒரே மெட்டை ஒவ்வொருவரும் தன் தன் கமகத்தோடு, தன் தன் வேகத்தில் இழுக்கிறார்கள். முதல் முறை ஒலிப்பதிவில் கேட்டபோது எல்லோரும் தப்பாகப் பாடுகிறார்கள் என்று நினைத்தேன். இரண்டாம் முறை கடல் சத்தம் போல் இருந்தது. இப்போது வாரம் ஒரு முறையாவது கேட்கிறேன்.

வாத்தியமே இல்லாத ஜெனீவாவில் பிறந்த உங்கள் மெட்டு, 1953-இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவில் வாகன் வில்லியம்ஸ் அமைத்த எக்காள முழக்கத்தோடு ஒலித்தது. கால்வின் கேட்டிருந்தால் என்ன செய்திருப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

டெனர் வாத்தியார்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஆர்கன் தம்பியைச் சம்மதிக்கவைத்து, பாடகர் குழுவில் மூல நடையைப் பயின்றோம். எங்கள் போதகர் ஐயரவர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன், சிறைக்குப் போகும் வயதில்லை. நேற்றுக் காலை ஆராதனையில் பாடினோம்.

முதல் வரி எப்படியோ சரியாகப் போய்விட்டது. இரண்டாம் வரியில் குழு குறிலில் ஓட, சபையார் நெடிலிலேயே நிற்க, மூன்றாம் வரி தொடங்கும்போது நாங்கள் நான்கு சுரம் முன்னால். ஆர்கன் தம்பி யாரோடு போவது என்று தெரியாமல் கையை எடுத்துவிட்டான். கடைசி வரியை ஆர்கன் இல்லாமல், எல்லோரும் பழையபடி, ஒரே குரலில் பாடி முடித்தார்கள். வெளியே வந்தபோது முன்வரிசையில் உட்காரும் ஒரு பாட்டி என் கையைப் பிடித்து, "கடைசி வரி நன்றாக இருந்தது வாத்தியாரே, அதற்கு முன்னால் என்ன ஆயிற்று?" என்று கேட்டார்.

லெமான் கரை

ஐயா, பிள்ளைகளிடமிருந்து தொடங்கியிருக்க வேண்டும். ஞாயிறு பள்ளியில் ஆறு மாதம்.

சுரத்தட்டு

அந்தத் தம்பியிடம் சொல்லுங்கள்: அடுத்த முறை கையை எடுக்க வேண்டாம், பெடலில் பேஸ் சுரத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கட்டும். நெடிலில் நிற்கிறவர்களுக்கும் அது உதவும், குறிலில் ஓடுகிறவர்களுக்கும் உதவும். புத்தகத்தின் அந்தப் பக்கத்தைப் படமெடுத்துப் போடுங்கள் சார், கரையான் ஓட்டையோடே.